சாம்பார் நல்லாயிருக்கு

உணர்பட்டை வந்த பிறகு எழுத்தாளர்கள் பொய் சொல்வது சிரமமாகிவிட்டது.

நெற்றியில் கட்டிக்கொள்ளும் பட்டை அது. ரிப்பன் அகலம்தான் இருக்கும். அதைக் கட்டிக்கொண்டு கதையைப் படித்தால், கதையில் வருபவரின் உணர்ச்சி படிப்பவரின் உடம்பிலேயே எழும். பயம் என்றால் உள்ளங்கை வேர்க்கும். துக்கம் என்றால் தொண்டை அடைக்கும். ஆனால் அந்த உணர்ச்சி தானாக முளைத்துவிடாது. யாராவது ஒரு மனிதரின் உடம்பிலிருந்து அதை முன்கூட்டியே பதிவுசெய்து வைக்க வேண்டும். அந்தப் பதிவை உணர்தடம் என்றார்கள்.

ஆரம்பத்தில் எழுத்தாளர்கள் தங்கள் உடம்பிலிருந்தே தடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய பேர் வாங்கிய ஒருவர் பட்டினி கிடக்கும் குடும்பத்தைப் பற்றி எழுதி, தானே ஒரு நாள் சாப்பிடாமல் இருந்து தடம் கொடுத்தார். "இது பசி இல்லீங்க, விரதம்" என்று ஒரு வாசகி விமர்சனம் எழுதினாள். அந்த ஒரு வரியில் அவர் பத்து வருடம் சம்பாதித்த பெயர் கரைந்துபோனது.

சௌந்தரவல்லி அப்போதுதான் திருச்சி எழுத்தாளர் மாநாட்டில் எழுந்து நின்று பேசினாள். வல்லி என்றால் எல்லாருக்கும் தெரியும். வியாழனின் நிலவில் நடக்கும் வார்டு தேர்தல், மழையை ரேஷன் அட்டைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் அரசு என்று இருபது வருடமாக அறிவியல் புனைகதை எழுதி வருபவள். "அடுத்தவங்க வலியக் குத்துமதிப்பா எழுதக் கூடாது" என்றாள் அன்றைக்கு. "பட்டவங்ககிட்டயே போய்க் கேளுங்க. அவங்க பேர அட்டையில போடுங்க. பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் தன் தடத்தத் திருப்பி வாங்கிக்கிற உரிமையையும் அவங்களுக்குக் குடுங்க."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த வருடமே பதிப்பாளர்கள் சங்கம் அதைப் பங்கேற்பு விதி என்று எழுதி வைத்துக்கொண்டது. தான் எழுதிய எந்தக் கதையையும்விட அந்த விதியைத்தான் வல்லி பெருமையாக நினைத்தாள். கலை என்பது ஒழுக்கமாகவும் இருக்க முடியும் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அது.

அவளுடைய புது நாவல் கடலுக்கு அடியில் ஒரு நகரத்தைப் பற்றியது. அங்கே கழிவுத் தொட்டிகளைக் கழுவும் ஆழி என்ற பெண்தான் கதாநாயகி. காற்றைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்ப எல்லாரும் சுவாசித்தாக வேண்டிய ஊர் அது. ஒருவர் விட்ட மூச்சைத்தான் இன்னொருவர் இழுக்கிறார். அப்படிப்பட்ட ஊரிலும் பொதுச் சாப்பாட்டு மேசையில் ஆழிக்குத் தட்டு மட்டும் தனி. அந்தக் காட்சிதான் நாவலின் உயிர்.

அந்தக் காட்சிக்குத் தடம் கொடுக்க வந்தவள் தவமலர்.

தவமலர் சென்னையில் மெட்ரோ ரயில் ஓட்டுபவள். திட்டக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது மதியச் சாப்பாட்டுக்கு அவளுக்கும் அவள் தெருப் பிள்ளைகளுக்கும் தட்டுகளை மாட்டுக்கொட்டகை ஓரமாகத் தனியே கவிழ்த்து வைத்திருப்பார்களாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது, ரயிலில் அடுத்த நிலையத்தை அறிவிப்பது போலச் சொல்லுவாள். கோயம்பேட்டில் அவள் இருந்த குடியிருப்புக்கு வல்லி பல முறை போனாள். அவள் செய்த கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டாள். "மேடம்லாம் வேணாம் மலர், அக்கான்னே கூப்பிடுங்க" என்றாள். மலரும் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தாள்.

"இத நான் யாருக்கும் சொல்றது இல்லக்கா" என்றாள் ஒரு நாள். "சொன்னா பாவம்பாங்க. எனக்கு அந்த வார்த்தையே ஆகாது. நீங்க சரியா எழுதுவீங்கன்னு தோணுச்சு."

பதிவு தொடங்கியது. மலர் பட்டையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, அந்தப் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்வாள். தடம் எடுக்கும் பொறியாளன் இம்தியாஸ் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான்.

"கோடு எழும்பவே மாட்டேங்குது மேடம்" என்றான் வல்லியிடம் தனியாக. "நினைச்சு நினைச்சு அவங்களுக்குப் பழகிப்போச்சு. நினைப்புலருந்து எடுத்தா ஆறின காப்பி மாதிரிதான் வரும். நேர்ல நடக்கறப்ப எடுத்தாதான் சூடு இருக்கும்."

இதை அவன் பதிப்பாளர் கிரிதரனிடமும் சொல்லியிருக்கிறான் என்பது வல்லிக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து, காலையில் பதிப்பகத்துக்குள் நுழைந்ததுமே கிரிதரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். நாற்காலியில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"இன்னிக்கு மதியம் மலருக்கு இங்கயே சாப்பாடு. சாப்பிடறப்ப உடம்பு எப்படியிருக்குன்னு சும்மா ஒரு அளவு எடுக்கணும்னு சொல்லிப் பட்டையக் கட்டச் சொல்லியாச்சு. கூட உக்கார நாலு நாடகக்காரங்களக் கூட்டிட்டு வந்திருக்கேன். ஆபீஸ் ஆளுங்க மாதிரி உக்காருவாங்க. நம்மளுக்கெல்லாம் பீங்கான் தட்டு வரும். மலருக்கு மட்டும் பாக்கு மட்டைத் தட்டு. தண்ணிக்கு பேப்பர் கப்பு. பக்கத்துல இருக்கிற அம்மா நாற்காலியக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குவாங்க. அவ்ளோதான்."

வல்லிக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மலருக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா எப்படி மேடம் வரும்? எதிர்பாராத சூழல் அமையலாம்னு ஒப்பந்தத்துல இருக்கு, கையெழுத்துப் போட்டிருக்காங்க. முடிஞ்சதும் சொல்லிடப் போறோம். பூச்செண்டுகூட வாங்கி வெச்சிருக்கேன்."

"அசிங்கமா இருக்கு கிரி."

"அசிங்கம்தான். ஊர்ல நடக்கறது அசிங்கம். அத லட்சம் பேர் தன் உடம்புல உணரப் போறாங்க. ஒருத்தங்களுக்குப் பத்து நிமிஷக் கஷ்டம். அந்தப் பக்கம் லட்சம் பேர் மனசு மாறுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்களே உங்க உடம்புல இருந்து எடுத்துக் குடுத்துடலாம். ஆனா விதி வேணாம்னு சொல்லுது. அந்த விதி யாரு கேட்டது?"

வல்லி எழுந்து போயிருக்கலாம். வாசலில் நின்று மலரைத் தடுத்திருக்கலாம். மூன்று வருடமாக எழுதிய நாவல், அதன் நடுவில் உயிரில்லாமல் கிடக்கும் ஒரு காட்சி, லட்சம் பேர் என்ற சொல், எல்லாம் சேர்ந்து அவளை அந்த நாற்காலியிலேயே உட்காரவைத்தன. மதியம் சாப்பாட்டு மேசையில் மலருக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

எல்லாம் கிரிதரன் சொன்னபடியே நடந்தது. பீங்கான் தட்டுகள் வந்தன. மட்டைத் தட்டு வந்தது. மலர் அதைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த நடிகை மூக்கை லேசாகச் சுளித்து, நாற்காலியை இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். நாற்காலிக் கால் தரையில் கிறீச்சிட்டது. பரிமாறியவன் மலருக்கு மட்டும் கரண்டியை உயரத் தூக்கி, தட்டில் படாமல் ஊற்றினான். சாம்பார் தெறித்து அவள் சட்டைக் கையில் விழுந்தது. ஒருவர் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்.

மலர் தலையைத் திருப்பி வல்லியைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. வல்லி சிரித்தாள். "சாப்பிடுங்க மலர்" என்றாள். "சாம்பார் நல்லாயிருக்கு."

மலர் சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல், அவசரப்படாமல் சாப்பிட்டாள். முடித்ததும், "தட்ட நீங்களே எடுத்துப் போட்டுடுங்கம்மா" என்றான் பரிமாறியவன். அவள் எழுந்ததும் கிரிதரன் கைதட்டினார். நாடகக்காரர்கள் தட்டினார்கள். பூச்செண்டு வந்தது. "எல்லாம் நடிப்பும்மா, மன்னிச்சுடுங்க, பிரமாதமா குடுத்தீங்க" என்று சுளித்த மூக்குக்காரி ஓடிவந்து மலரைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கைதட்டல் மட்டைத் தட்டைவிடக் கேவலமாக இருந்ததென்று வல்லிக்குப் பட்டது. மலர் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். கைகழுவினாள். "டூட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பூச்செண்டு நாற்காலியில் கிடந்தது.

மறுநாள் இம்தியாஸ் தடத்தைப் போட்டுக் காட்டினான். வல்லி பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். அவமானம் வரும் என்று காத்திருந்தாள். முகம் சூடாகும், தலை தாழும், தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். அதற்குத் தான் தகுதியானவள் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

வந்தது அது இல்லை. முதலில் ஒன்றுமே இல்லை, லேசான சலிப்பு மட்டும். பிறகு வயிற்றுக்குள்ளிருந்து ஒன்று திரண்டு ஏறியது. பல்லி விழுந்த பாலை முக்கால் டம்ளர் குடித்த பிறகு அடியில் வாலைப் பார்த்தால் வருமே, அது. நாக்கு சுருண்டது. தோள் பின்னால் இழுத்துக்கொண்டது. உடம்பு மொத்தமும் எதிலிருந்தோ விலகி நிற்கத் துடித்தது. வல்லி பட்டையைப் பிடுங்கி எறிந்தாள்.

"என்ன இது?"

"அருவருப்பு மேடம்" என்றான் இம்தியாஸ். "சுத்தமான அருவருப்பு. இவ்ளோ உயரத்துக்கு நான் பார்த்ததே இல்ல."

"தட்டப் பார்த்தா?"

அவன் அன்றைய காணொளியையும் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டான். மட்டைத் தட்டு வந்தபோது கோடு படுத்தே கிடந்தது. நாற்காலி கிறீச்சிட்டபோது கொஞ்சம் அசைந்தது. மலர் தலையைத் திருப்பினாள். திரையில் வல்லி சிரித்தாள், சாம்பாரைப் பற்றிச் சொன்னாள். கோடு செங்குத்தாக எழுந்து திரையின் மேல் விளிம்பில் போய் முட்டியது.

"உங்களப் பார்த்து மேடம்" என்றான் மெதுவாக.

கிரிதரனுக்கும் பிடிக்கவில்லை. வேறு காரணத்துக்காக. பல்குச்சியால் பல்லிடுக்கைக் குடைந்தபடியே பேசினார். "கதைக்கு அவமானம்தானே வேணும். கண்ணு கலங்கணும், படிக்கிறவனும் கலங்கணும். இது என்ன, நம்மளப் பார்த்து மூஞ்சியச் சுளிக்கிற மாதிரி. இன்னொரு தடவ எடுப்போம். இல்ல, வேற ஆள் பார்ப்போம். எத்தனையோ பேர் இருக்காங்க."

குச்சி நுனியில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் மறுபடி குடைந்தார். வல்லி எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

கோயம்பேடு குடியிருப்பில் மலர் கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. மாடிப்படியில் நின்றே பேசினார்கள்.

"வாங்க மேடம்" என்றாள்.

அந்த மேடத்தை வல்லி விழுங்கிக்கொண்டாள். "அது ஏற்பாடுன்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது மலர்?"

"மட்டைத் தட்டு வந்தப்பவே தெரிஞ்சிடுச்சு. நிசமா செய்யறவங்க இவ்ளோ வெளிச்சம் போட்டுச் செய்ய மாட்டாங்க. சரி, பைத்தியக்காரங்க ஏதோ பண்றாங்கன்னு நெனச்சேன். அக்காவுக்குத் தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சா எழுந்துக்கும்னு நெனச்சேன். அதான் திரும்பிப் பாத்தேன்."

வல்லி ஒரு படி கீழே இறங்கி நின்றாள்.

"சாம்பார் நல்லாயிருக்குன்னீங்க" என்றாள் மலர். "சின்ன வயசுல எங்களத் தள்ளி வெச்சவங்க யாரும் எங்க வீட்ல வந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டதில்ல மேடம். அவங்க மேல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. குமட்டல் வந்ததில்ல."

"உங்க தடத்தத் திருப்பி வாங்கிக்குங்க. உங்களுக்கு உரிமை இருக்கு."

"எதுக்கு வாங்கணும்? நான் அழுவேன்னு நெனச்சு எடுத்தீங்க. வந்தது இதுதான். அதையே போடுங்க. படிக்கிறவங்களும் தெரிஞ்சிக்கட்டும்."

வல்லி வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாள். மேசைக்கு இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். ஆழியின் உரிமைக்காக மேடையேறிப் பேசுகிறவள், ஆழியின் வீட்டில் சாப்பிட்டவள், எல்லாராலும் நல்லவள் எனப்படுபவள். ஆழி அவளைத் திரும்பிப் பார்க்கிறாள். அவள் சிரித்துக்கொண்டே, "சூப் நல்லாயிருக்கு" என்கிறாள். அந்த இடத்தில் மலரின் தடம். எழுதும்போது தன் விரல்களைத் தானே தொடக் கூசியது வல்லிக்கு. ஆனால் இருபது வருடத்தில் இப்படி ஒரு பக்கத்தை எழுதியதில்லை என்பதும் தெரிந்தது. அந்தச் சந்தோஷம் எட்டிப் பார்த்ததையும் அவள் கவனித்தாள். அது இன்னும் கேவலமாக இருந்தது.

நாவலை வேறு பதிப்பகத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டித்தான் கிரிதரனைச் சம்மதிக்கவைக்க வேண்டியிருந்தது. ஆனால் முன்னோட்டமாகப் படித்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தைப் பற்றியே பேசவும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாவல் வந்தது. விற்றது. அட்டையில் வல்லியின் பெயருக்குக் கீழே தவமலர் என்றும் இருந்தது.

கோயம்புத்தூரில் வாசகர் கூட்டம். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒரு அம்மா முன்வரிசையிலிருந்து எழுந்தார். கனிவான முகம்.

"அந்தச் சாப்பாட்டு மேசை வர்ற இடத்துல எனக்கு வயித்தப் புரட்டிருச்சுங்க. பட்டையக் கழட்டிப்போட்டுத் தண்ணி குடிச்சேன். அவ்வளவு தத்ரூபமுங்க."

வல்லிக்கு நெஞ்சு லேசானது. "யார் மேல வந்துதுங்க அந்தப் புரட்டல்?" என்று கேட்டாள்.

"அந்த ஆழிப் பொண்ணு மேலதானுங்க" என்றார் அந்த அம்மா, இதிலென்ன சந்தேகம் என்பது போல. "தொட்டி கழுவற கையோட வந்து அத்தனை பேர் நடுவுல உக்கார்ந்து சாப்பிடறா பாருங்க, அப்பத்தான். நமக்கே இப்படி இருக்குதே, அவங்கெல்லாம் பாவம் எப்படித்தான் பொழைக்கிறாங்களோன்னு நினைச்சுக்கிட்டேன். அதத்தானுங்களே நீங்க உணர வெக்கணும்னு நினைச்சீங்க?"

வரிசையில் பலர் தலையாட்டினார்கள். கடைசியில் நின்ற ஒரு கல்லூரிப் பையன் மட்டும், "எனக்கு அந்த சூப் மேடம் மேலதான் வந்துச்சு" என்று ஆரம்பித்தான். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவும், "ஒருவேளை நான் தப்பாப் படிச்சிட்டேன்" என்று முடித்துக்கொண்டான்.

வல்லி அங்கிருந்தே இம்தியாஸைக் கூப்பிட்டாள்.

"பட்டைக்கு உணர்ச்சி மட்டும்தான் தெரியும் மேடம்" என்றான். "யார் மேலன்னு தெரியாது. படிக்கிறவங்க உடம்புல அது ஏற்கனவே போய்ப் பழகின வழி எதுவோ, அதுலதான் போகும்."

அடுத்து மலருக்கு. அவளிடம் மறைக்கும் துணிவு இனி வல்லிக்கு இல்லை. நடந்ததை அப்படியே சொன்னாள். மறுமுனையில் ஏதோ ரயில் பிரேக் போடும் ஓசை மட்டும் கேட்டது.

"என் உடம்புலருந்து எடுத்தத வெச்சே என் மேல துப்புறாங்களா" என்றாள் மலர். கேள்வியாகக்கூட இல்லை. பிறகு, "நான் வாங்கிக்கறேன். என் பேரையும் எடுத்துடுங்க" என்றாள்.

விதி விதிதான். இரண்டே நாளில், விற்றுப்போன பிரதிகள் உட்பட எல்லாவற்றிலிருந்தும் அந்தத் தடம் அழிந்தது. அந்தப் பக்கம் வந்ததும் பட்டை ஊமையாகிவிடும். அடுத்த பக்கத்தில்தான் மறுபடி பேசும். புகார்கள் குவிந்தன. பட்டை பழுது, புத்தகம் பழுது, வேறு பிரதி வேண்டும் என்று.

கிரிதரன் தொலைபேசியில் வந்தார். "வெறுமனே விட முடியாது மேடம். நம்ம கிடங்குல பொது இரக்கம்னு ஒரு தடம் இருக்கு. பல பேர்கிட்ட எடுத்துக் கலந்தது. எந்தச் சோகத்துக்கும் பொருந்தும். அதப் போட்டு ஒட்டிடவா?"

"இருங்க, படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள் வல்லி.

பட்டையைக் கட்டிக்கொண்டு அத்தியாயத்தின் முதலிலிருந்து படித்தாள். ஆழி நடைபாதையில் வரும்போது கால் வலித்தது, அது யாரோ ஒரு செவிலியின் கால்வலி. சாப்பாட்டின் வாசனைக்கு வயிறு கிள்ளியது, அது யாரோ ஒரு மாணவனின் பசி. பக்கம் திரும்பியது. பட்டை நின்றுபோனது. உடம்பு அவளுடையதாக மட்டும் இருந்தது. தட்டு வந்தது. நாற்காலி தள்ளிப்போனது. ஆழி திரும்பிப் பார்த்தாள். நல்லவளான அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சூப்பைப் பற்றிச் சொன்னாள்.

வல்லி குளியலறைக்கு ஓடினாள். குடித்த காப்பி முழுதும் வந்தது. அது தீர்ந்த பிறகும் வயிறு சுருண்டு சுருண்டு இழுத்தது, கசந்த மஞ்சள் நீர் மட்டும் வந்தது. குழாயைத் திறந்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மேசையில் தொலைபேசி இன்னும் துண்டிக்கப்படாமல் இருந்தது. கிரிதரன் பொறுமையாகக் காத்திருந்தார்.

"என்ன மேடம், ஒட்டிடவா?"

"வேணாம்" என்றாள் வல்லி, வாயைத் துடைத்துக்கொண்டு. "அந்தப் பக்கம் பழுது இல்ல கிரி. இப்பத்தான் படிச்சேன். வேலை செய்யுது."